கிளட்ச் ஸ்லிப்: மூணு தடவை கவர் கழட்டி கடைசில மாட்டினது ஸ்ப்ரிங்

நேத்து சாயங்காலம் எப்பவும் டெஸ்ட் பண்ற மேட்டுல, பின்னாடி ஆள் வச்சு, டாப் கியர்ல ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கினேன். ஆர்பிஎம் (என்ஜின் சுத்தற வேகம்) முள்ளும் ஸ்பீடோ முள்ளும் ஒண்ணாவே ஏறுச்சு, அதாவது என்ஜின் பலத்தை வீலுக்குக் கடத்தற கிளட்ச் இப்ப வழுக்கல. ரெண்டு மாசமா இதுக்குத்தான் மல்லுக்கட்டிட்டு இருந்தேன், அதனால நோட்டுல கிறுக்கி வச்ச அளவெல்லாம் கையில இருக்கும்போதே வரிசையா எழுதிடறேன், எங்கெங்க முட்டாள்தனம் பண்ணேன்ங்கறதையும் சேர்த்துத்தான்.

வண்டி 150 சிசி, ஒத்த சிலிண்டர், 5 கியர், கேபிள் கிளட்ச். என்ஜின் ஆயில்லயே ஊறிக் கிடக்கிற மல்டி பிளேட் டைப். உள்ள 5 ஃபைபர் பிளேட்டும் 4 ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும், 4 ஸ்ப்ரிங் அதை அமுக்கிப் பிடிக்கும். ஓடினது 46,000 கிலோமீட்டர், கிளட்ச் பக்கம் இதுவரை யாரும் கை வச்சதில்ல.

முதல்ல தெரிஞ்சது சத்தத்துலதான். மேடு ஏறும்போது நாலாவது கியர்ல முறுக்கினா என்ஜின் கத்துது, ஆனா வண்டி இழுக்கல. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டா கத்தல் அடங்கி மறுபடி பிடிக்குது. காலைல வண்டி சூடாகறதுக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியாது, பத்து இருபது கிலோமீட்டர் ஓடி சூடானதும்தான் ஆரம்பிக்கும். முதல்ல கார்புரேட்டர் மேலதான் சந்தேகப்பட்டேன். அது தப்பு, ஏன்னா பெட்ரோல் வரத்து குறைஞ்சா ஆர்பிஎம்மும் சேர்ந்து தொங்கும், இங்க ஆர்பிஎம் துள்ளி ஏறுது, ரோட்டுக்குத்தான் எதுவும் போய்ச் சேரல. செயின் ஸ்ப்ராக்கெட்ல பல் தாண்டினாலும் இழுக்காது, ஆனா அப்ப கடகடன்னு காலுக்கடில அடிக்கும், இங்க அந்த மாதிரி எதுவும் இல்ல, வெண்ணெய் மாதிரி வழுக்குது.

சரி கிளட்ச்தான்னு முடிவானதும் நான் செஞ்ச முதல் வேலையே உல்டா. "கிளட்ச் லூஸா இருக்கு, டைட் பண்ணுவோம்"னு லீவர்கிட்ட இருக்கிற அட்ஜஸ்டரைத் திருகி கேபிளை நல்லா இழுத்து விட்டுட்டேன். அடுத்த நாள் முன்னவிட மோசம், மூணாவது கியர்லயே வழுக்க ஆரம்பிச்சுடுச்சு. அப்புறம் உக்காந்து யோசிச்சாதான் மண்டைல உறைக்குது. லீவரை இழுத்தா பிளேட் பிரியும், விட்டா ஸ்ப்ரிங் அமுக்கிப் பிடிக்கும். கேபிளை ப்ளேயே (இழுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லீவர் சும்மா ஆடற தூரம்) இல்லாம இழுத்து வச்சா எப்பவும் லேசா லீவர் பிடிச்சுக்கிட்டே ஓட்டற கணக்கு. இதுல இன்னொரு விஷயம், பிளேட் தேயத் தேய லீவர்ல ப்ளே கூடும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன், நடக்கறது நேர் எதிர். கேபிள் நீண்டா ப்ளே கூடும், பிளேட் தேஞ்சா பிரஷர் பிளேட் (ஸ்ப்ரிங் பலத்தை அடுக்கு மேல அமுக்கற தட்டு) உள்ள இறங்கி ப்ளே குறையும். ரெண்டும் ஒண்ணையொண்ணு ஈடுகட்டிக்கிட்டே போறதால லீவரை மட்டும் பிடிச்சுப் பாத்து உள்ள என்ன நிலைமைன்னு சொல்லவே முடியாது.

கேபிளை ஒழுங்கா வச்ச கதை சின்னது. லீவர் நுனில 10லருந்து 15 மில்லிமீட்டர் ப்ளே இருக்கணும்னு என் வண்டி மேனுவல்ல இருக்கு. மேல இருக்கிற அட்ஜஸ்டரை முழுக்க உள்ள தள்ளிட்டு, கீழ என்ஜின் பக்கம் இருக்கிற லாக் நட்டுல பெருசா செட் பண்ணி, மிச்சம் கொஞ்சத்தை மேல வந்து சரி பண்ணேன். 12 மில்லிமீட்டர்ல நிறுத்தினேன். ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி ப்ளே மாறுதான்னு பாத்தேன், மாறல, அதனால கேபிள் எங்கயும் சிக்கி இழுக்கல. கீழ ரிலீஸ் ஆர்மை (கேபிள் இழுக்க, கிளட்சைப் பிரிக்கிற கை) கையால தள்ளிப் பாத்தேன், முழுசா திரும்பி வருது. ஆக, வெளியில பாக்கக்கூடியது எல்லாம் ஓகே. நான் கெடுத்ததை நானே சரி பண்ணி பழைய ஸ்லிப்புக்கே திரும்பி வந்தேன், அவ்வளவுதான் லாபம்.

அப்புறம் நின்ன இடத்துல பண்ற டெஸ்ட் எல்லாம் பண்ணேன். மெயின் ஸ்டாண்ட் போட்டு, அஞ்சாவது கியர் போட்டு, பின் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு கிளட்சை மெதுவா விட்டேன், என்ஜின் டபக்னு ஆஃப் ஆயிடுச்சு. நல்ல கிளட்ச்னா ஆஃப் ஆகணும், ஆச்சு. கிக்கரும் பாத்தேன், என் வண்டில நியூட்ரல்ல மட்டும்தான் கிக் அடிக்க முடியும், கிளட்ச் பிடிச்சிட்டு அடிச்சா கிக்கர் சும்மா இறங்கும், அதாவது கிக் கிளட்ச் வழியாத்தான் என்ஜினுக்குப் போகுது. அந்த மாதிரி வண்டில கிளட்ச் ரொம்ப மோசமா இருந்தா கிக்கர் எதிர்ப்பே இல்லாம கீழ போயிடும். கியர்ல வச்சு கிளட்ச் பிடிச்சு கிக் அடிச்சா ஸ்டார்ட் ஆகிற வண்டிக்கு இந்த டெஸ்ட் ஒத்து வராது, அதுல கிக் வேற வழியா போகுது. என்னுது நல்லா கெட்டியாவே நின்னுச்சு. ரெண்டு டெஸ்ட்டுலயும் பாஸ் ஆனதும் ஒரு வாரம் நான் கிளட்சையே சந்தேகப்படாம விட்டுட்டேன், அதுதான் பெரிய தப்பு. என்ஜின் கம்ப்ரஷனைத் தாங்கறதுக்கு கிளட்ச் பெருசா கஷ்டப்பட வேண்டியதில்ல, பாதி செத்த கிளட்ச்கூட அதைத் தாங்கும். முழு ஆக்ஸிலேட்டர்ல, சூட்டுல, மேட்டுல, டாப் கியர்ல தாங்குதாங்கறதுதான் கேள்வி, அதை நிறுத்தி வச்சு கேக்க முடியாது.

அதனால நம்பரா எடுத்துடலாம்னு போனை ஹேண்டில்பார் ஹோல்டர்ல மாட்டி, மீட்டர் ரெண்டும் தெரியற மாதிரி வீடியோ ஆன் பண்ணிட்டு ஓட்டினேன். ஐடியா இதுதான், ஒரு கியர்ல குறிப்பிட்ட வேகத்துக்கு குறிப்பிட்ட ஆர்பிஎம்தான் வர முடியும், பல்லு பல்லா மாட்டின சமாச்சாரம், நடுவுல வழுக்கக்கூடிய ஒரே இடம் கிளட்ச். சமதரைல, டாப் கியர்ல, மெதுவா ஆக்ஸிலேட்டர் குடுத்து 60ல போகும்போது 5,200 காட்டுச்சு. அதே 60, அதே டாப் கியர், மேட்டுல முழு முறுக்குல 6,000. 5,200ஐ 6,000ஆல வகுத்தா 0.87, அதாவது 13 சதவீதம் வழியிலேயே போயிடுது. இது எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, ஏன்னா இதுக்கப்புறம் எதை மாத்தினாலும் "கொஞ்சம் பரவால்ல போல"ன்னு மனசை ஏமாத்திக்காம அதே மேட்டுல போய் நம்பர் பாத்துடலாம். ஸ்பீடோ முன் வீல்லருந்து ஓடறதால கிளட்ச் வழுக்கறது அதைப் பாதிக்காது. ஒரு எச்சரிக்கை, மீட்டரைப் பாத்துக்கிட்டே ஓட்டாதீங்க, அதுக்குத்தான் வீடியோ, வீட்டுக்கு வந்து நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கலாம்.

அடுத்து ஆயில். இங்க ஒரு வாக்குமூலம். ஸ்லிப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஆயில் மாத்தினப்போ வீட்டுல கார் ஆயில் மிச்சம் இருந்துச்சு, அதே 10டபிள்யூ-30 கெட்டிதானேன்னு ஊத்திட்டேன். டப்பாவைத் தேடி எடுத்துப் பாத்தா பின்னாடி வட்ட முத்திரைல கீழ அரைவட்டத்துல "எனர்ஜி கன்சர்விங்"னு போட்டிருக்கு. பெட்ரோல் மிச்சம் பிடிக்கறதுக்காக உராய்வைக் குறைக்கிற சாமான் கலந்த ஆயில். காருக்கு அது நல்லது, கார் கிளட்ச் காய்ஞ்ச கிளட்ச், என்ஜின் ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நம்ம கிளட்ச் அதே ஆயில்ல குளிக்குது, உராய்வுதான் அதுக்குச் சோறு. டப்பால ஜாசோ (ஜப்பான் தரக் குறியீடு) எம்ஏ இல்லாட்டி எம்ஏ2ன்னு இருக்கணும். எம்பின்னு இருந்தா உராய்வு குறைஞ்சது, ஸ்கூட்டர் மாதிரி என்ஜின் ஆயில் கிளட்சைத் தொடாத வண்டிக்கு.

எம்ஏ2 ஆயில் 1 லிட்டர் ஊத்தி 200 கிலோமீட்டர் ஓட்டி அதையும் இறக்கி மறுபடி புதுசு ஊத்தினேன், பழசு உள்ள மூலைல தங்கியிருக்கும்ல. மேட்டுக்குப் போய் பாத்தா 60ல 5,600. ஸ்லிப் 13லருந்து 7க்கு வந்திருக்கு. பாதி சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்படறதா, பாதி இன்னும் இருக்குன்னு கவலைப்படறதான்னு தெரியல. நான் சந்தோஷப்பட்டேன், இன்னும் ரெண்டு வாரம் ஓட்டினா பிளேட்ல ஊறின பழைய ஆயிலும் போய் முழுசா சரியாயிடும்னு. ஆகல, 5,600லயே நின்னுச்சு.

சரி, கிளட்ச் இருக்கிற பக்கத்து என்ஜின் கவரைத் திறந்தே ஆகணும். திறக்கறதுக்கு முன்னாடியே ஃபைபர் பிளேட் செட்டும் ஒரு பேக்கிங்கும் (கவர் இடுக்குல ஆயில் கசியாம வைக்கிறது) வாங்கி வச்சுட்டேன், ஸ்லிப்னா பிளேட்தான்னு அவ்வளவு நம்பிக்கை.

ஆயிலை சுத்தமான ட்ரேல இறக்கி மூடி வச்சேன், புது ஆயில், திரும்ப ஊத்திக்கலாம். பின் பிரேக் பெடலைக் கழட்டி ஓரமா சாய்ச்சேன், கிக்கரைக் கழட்டறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்லயும் கிக்கர்லயும் நேருக்கு நேர் ஒரு சென்டர் பஞ்ச் புள்ளி வச்சேன், இல்லாட்டி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டி கிக்கர் ஃபுட்ரெஸ்ட்ல இடிக்கும். கவர் போல்ட் எல்லாம் ஒரே நீளம் இல்ல. அட்டைல கவர் ஷேப்பை வரைஞ்சு அந்தந்த இடத்துல ஓட்டை போட்டு போல்ட்டைக் கழட்டக் கழட்ட அதுலயே குத்தி வச்சேன். இந்த வேலைல நான் முதல் தடவையே சரியா செஞ்ச விஷயம் இது ஒண்ணுதான்னு நினைக்கிறேன்.

ஏன்னா அடுத்தது, போல்ட் எல்லாம் எடுத்தும் கவர் வரல. பழைய பேக்கிங் ஒட்டிக்கிச்சு. ரப்பர் சுத்தியலால சுத்தி சுத்தித் தட்டினா ரெண்டு நிமிஷத்துல வந்திருக்கும், நான் ஸ்க்ரூடிரைவரை இடுக்குல விட்டு நெம்பிட்டேன். அலுமினியம் என்ன செய்யும், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்துடுச்சு, சரியா பேக்கிங் உக்கார்ற முகத்துல. பழைய பேக்கிங்கைச் சுரண்டறதுக்கு மட்டும் புத்தி வந்து பிளாஸ்டிக் ஸ்கேலை உடைச்சு வச்சுக்கிட்டேன். அதுக்கு ஒண்ணரை மணி நேரம் போச்சு, மொத்த வேலைலயும் பொறுமையைச் சோதிச்சது அதுதான்.

கிளட்ச் நாலு போல்ட். ஒண்ணை முழுசா கழட்டாம நாலையும் குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணா ஸ்ப்ரிங், பிரஷர் பிளேட், அப்புறம் பிளேட் ஒண்ணொண்ணா கையோட வருது. நடு நட்டைத் தொடவே வேண்டியதில்ல என் வண்டில, சில வண்டில தொடணும், அதுக்குத் தனி டூல் வேணும். வர்ற வரிசைலயே, எந்தப் பக்கம் வெளில பாத்துச்சோ அதே பக்கமா, துணில அடுக்கினேன். போன்ல போட்டோ எடுத்துக்கிட்டேன்.

ஃபைபர் பிளேட்டை வெர்னியர்ல ஒவ்வொண்ணும் நாலு இடத்துல அளந்தேன். புதுசு 3.0 மில்லிமீட்டர், தேயலாம்ங்கற லிமிட் 2.7. என்னுது 2.87, 2.85, 2.86, 2.83, 2.86. நல்லாத்தான் இருக்கு! கருகல் இல்ல, தீஞ்ச வாசம் இல்ல, மேல மட்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பு. புது செட்டைப் பிரிக்காம ஓரமா வச்சேன். ஸ்டீல் பிளேட்ல ரெண்டு மட்டும் சூட்டுல லேசா நீலம் பாய்ஞ்சிருந்துச்சு, பாத்தேன், பாத்துட்டு விட்டுட்டேன். கார் ஆயில்ல வழுக்கி வழுக்கி மேல் பாகம் பாலிஷ் ஆயிருக்கு, அதைச் சொரசொரப்பாக்கினா போதும்னு தீர்ப்பு எழுதியாச்சு. கெட்டியான கண்ணாடி மேல 400 நம்பர் உப்புத்தாளை விரிச்சு, ஃபைபரையும் ஸ்டீலையும் எட்டு போடற மாதிரி தேச்சேன். பெட்ரோல்ல கழுவி, ராத்திரி முழுக்க ஆயில்ல ஊற வச்சேன், காய்ஞ்ச பிளேட்டை அப்படியே மாட்டினா முதல் சில நிமிஷத்துலயே மேல்பரப்பு கருகிடலாம்.

மறுநாள் மாட்டி, பேக்கிங்கு ரெண்டு பக்கமும் மெலிசா கிரீஸ் தடவி, கவர் மூடி, கேபிள் மாட்டி, லீவரைப் பிடிச்சா தொளதொளன்னு கை வரைக்கும் வருது. ப்ளே 12 இல்ல, முழுசும் ப்ளே. அட்ஜஸ்டரை எவ்வளவு திருகினாலும் அதேதான். கால் மணி நேரம் கேபிளையே திட்டிட்டு இருந்தேன். அப்புறம் ஆயில் ட்ரேல ஏதோ மின்னுதேன்னு பாத்தா, புஷ் பீஸ், காளான் ஷேப்ல விரல் நுனி அளவு, பிரஷர் பிளேட் நடுவுல பேரிங்ல உக்கார்ற சாமான். கழட்டும்போது எப்பவோ நழுவி விழுந்திருக்கு. அது இல்லாட்டி ரிலீஸ் ஆர்ம் காத்தைத்தான் தள்ளும். மறுபடி கவர். கிரீஸ் தடவினதால பேக்கிங் கிழியாம அப்படியே வந்துச்சு, அதையே திரும்பப் போட்டேன்.

மேட்டுக்குப் போனேன், 5,250. ஸ்லிப் ஏறக்குறைய ஜீரோ. எல்லாருக்கும் போன் போட்டு பெருமை பேசினேன்.

மூணு வாரம், 400 கிலோமீட்டர். ஒரு மத்தியானம் டபுள்ஸ்ல அதே மேடு, அதே கத்தல். வீடியோ எடுத்தேன், 5,900. ஆயில் மாத்தினதுக்கு அப்புறம் இருந்ததைவிட மோசம்! எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட போன்ல புலம்பினேன், தேச்சேன், ஊற வச்சேன், பிளேட் லிமிட்டுக்குள்ளதான் இருக்குன்னு. முழுசா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி, "ஸ்ப்ரிங் அளந்தியா தம்பி?" அளக்கல. உடையல, துருப்பிடிக்கல, பாக்க ஜம்முனு இருந்துச்சு, அப்படியே மாட்டிட்டேன்.

மூணாவது தடவை கவர். இந்த தடவை எதையும் கண்ணால பாத்து விடறதில்லன்னு நோட்டுல கட்டம் போட்டுட்டுத்தான் உக்காந்தேன்.

ஸ்ப்ரிங் நீளம், புதுசு 35.0, லிமிட் 33.5. என்னுது 33.2, 33.0, 33.4, 33.1. நாலும் ஃபெயில். கையில எடுத்துப் பாத்தா ஒண்ணுமே தெரியாது, வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்கு மேல இல்ல. ஸ்டீல் பிளேட்டை கண்ணாடி மேல வச்சு ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கிற மெல்லிய இதழ் செட்) விட்டேன், மேனுவல்ல வளைவு 0.2 வரைக்கும் விடலாம். மூணு பிளேட்ல 0.05 இதழே சிரமப்பட்டுத்தான் போச்சு, நீலம் பாய்ஞ்சதுல ஒண்ணுல 0.25 தாராளமா போச்சு. ஃபைபர் இப்ப சராசரி 2.80. உப்புத்தாள்ல ஒவ்வொரு பிளேட்டுக்கும் 0.05 நானே தின்னுருக்கேன்.

இங்கதான் எனக்கு மொத்தமும் புரிஞ்சது. கிளட்ச் புதுசா இருந்தப்போ அடுக்கு உயரம், ஃபைபர் 5 தடவை 3.0, ஸ்டீல் 4 தடவை 1.6, மொத்தம் 21.4. நான் முதல் தடவை திறந்தப்போ இருந்தது 20.67. ஒவ்வொரு பிளேட்டும் தனித்தனியா லிமிட்டுக்குள்ள, சேர்ந்து 0.73 மெலிஞ்சிருக்கு. அந்த 0.73க்கு பிரஷர் பிளேட் உள்ள இறங்கும், ஸ்ப்ரிங் அவ்வளவு நீளமா தளர்ந்து உக்காரும். என் வண்டில புது அடுக்கோட ஸ்ப்ரிங் அமுங்கி உக்கார்ற நீளம் 24 மில்லிமீட்டர். அப்ப புதுசுல ஸ்ப்ரிங் 35லருந்து 24க்கு, 11 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். என்னுது 33.2லருந்து 24.7க்கு, 8.5தான். அமுக்கற பலம் அமுங்கற தூரத்துக்கு ஏத்த மாதிரிதான், ஆக 77 சதவீதம். இதுல நான் உப்புத்தாள் தேச்சு அடுக்கை இன்னும் குறைச்சதும் 74. சொரசொரப்பு கொஞ்ச நாள் பிடிச்சு வச்சுது, அது மழுங்கினதும் முன்னவிட குறைஞ்ச பலத்தோட நின்னுட்டேன். நானே என் கிளட்சைப் பலவீனமாக்கி வச்சிருக்கேன், உப்புத்தாளுக்குக் காசும் குடுத்து.

ஸ்ப்ரிங் ஏன் சுருங்குச்சுன்னா 46,000 கிலோமீட்டர் வயசும் சூடும்தான் காரணம்னு நினைக்கிறேன், கார் ஆயில்ல வழுக்கின மாசங்கள்ல உள்ள சூடு கொஞ்சமா இருந்திருக்காது. புது ஸ்ப்ரிங் வந்ததும் ஒரு விளையாட்டுப் பண்ணிப் பாத்தேன். நீளமான போல்ட் ஒண்ணுல பழைய ஸ்ப்ரிங், நடுவுல வாஷர், அப்புறம் புது ஸ்ப்ரிங், கடைசில வாஷர் நட்டு, அப்படியே இறுக்கினேன். ரெண்டும் ஒரே பலத்துல அமுங்கும். எவ்வளவு இறுக்கினாலும் ரெண்டுக்கும் நடுவுல அதே 1.8 வித்தியாசம் மாறாம நின்னுச்சு. அதாவது கம்பியோட முறுக்கு அப்படியேதான் இருக்கு, நீளம்தான் போயிருக்கு. வெர்னியர் இல்லாதவங்க புது ஸ்ப்ரிங் ஒண்ணை வாங்கி பழசு பக்கத்துல மேஜை மேல நிக்க வச்சு, மேல ஸ்கேலை வச்சாகூட சாய்வு தெரிஞ்சுடும்.

புது ஸ்ப்ரிங் 4, ஸ்டீல் பிளேட் 4. ஃபைபர் செட் கையிலயே இருந்தும் வேணும்னே மாட்டல. 2.80 இன்னும் லிமிட்டுக்கு மேலதான், அதோட எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா எது குத்தவாளின்னு எனக்கு ஆயுசுக்கும் தெரியாம போயிடும். கணக்கு போட்டேன், இப்ப அடுக்கு 20.4, ஸ்ப்ரிங் 25.0ல உக்காரும், 35லருந்து 10 அமுங்குது, 91 சதவீதம். பிரஷர் பிளேட் இவ்வளவு இறங்கினா ஹப்ல (அடுக்கு உக்கார்ற நடு பாகம்) இடிச்சு நின்னுடுமோன்னும் ஒரு பயம், அப்படி இடிச்சா எந்த ஸ்ப்ரிங் போட்டாலும் வேலைக்காவாது. ஸ்ப்ரிங் போடாம பிளேட்டை மட்டும் அடுக்கி பிரஷர் பிளேட்டைக் கையால அமுக்கிப் பாத்தேன், இடைவெளி நல்லாவே தெரியுது.

மாட்டும்போது ஸ்டீல் பிளேட்டோட ஒரு பக்க ஓரம் கூரா இருக்கும், இன்னொரு பக்கம் உருண்டையா இருக்கும், எல்லாத்தையும் ஒரே பக்கமா வச்சேன். போல்ட் இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து முறுக்கற ஸ்பேனர்) குறுக்கா மூணு ரவுண்டு. ஹப் கம்பம் அலுமினியம், "இன்னும் ஒரு சுத்து"ன்னு ஆசைப்பட்டா ஒடிஞ்சு கையோட வந்துடும். புஷ் பீஸைப் போட்டுட்டு, போட்டதை போட்டோவும் எடுத்துட்டுத்தான் கவரை மூடினேன். அடுக்கு மாறினதால லீவர் ப்ளே மாறியிருந்துச்சு, மறுபடி 12க்கு வச்சேன். லீவர் கைக்கு முன்னவிடக் கெட்டியா இருக்கு, முதல் நாள் மணிக்கட்டு லேசா வலிச்சுது, இப்ப பழகிடுச்சு.

மாட்டி 600 கிலோமீட்டர் ஓடிடுச்சு, 400ஐத் தாண்டற வரைக்கும் யாருக்கும் போன் பண்ணல. நேத்து மேட்டுல, சூட்டுல, டபுள்ஸ்ல, முழு முறுக்குல, 60க்கு 5,200. வீடியோவை நிறுத்தி நிறுத்தி மூணு இடத்துல பாத்தேன், அதேதான்.

செலவுன்னு பாத்தா தேவைப்பட்டது ஸ்ப்ரிங்கும் ஸ்டீலும் ஒரு பேக்கிங்கும் மட்டும். அதுலயும் ஸ்ப்ரிங்தான் இருக்கறதுலயே மலிவு. அதுக்கு மேல போனது ரெண்டு தடவை ஆயில், இன்னொரு பேக்கிங், பிரிக்காத ஃபைபர் செட் ஒண்ணு. ஃபைபர் செட் வீணில்ல, அடுத்த தடவைக்கு ஆகும், ஆனா அதுக்குக் குடுத்த காசுல டார்க் ரெஞ்சை முதல்லயே வாங்கியிருக்கலாம், இரவல் கேட்டு நின்னிருக்க வேணாம். டூல்ல எனக்கு நிஜமா உதவினது வெர்னியர், ஃபீலர் கேஜ், அந்த அட்டை, போன் வீடியோ. அடுத்த தடவை கவர் கழட்டினா முதல் நாளே ஸ்ப்ரிங், வளைவு, தடிமன் மூணையும் அளந்துட்டு அன்னைக்கு வேற எதையும் தொடாம மூடி வச்சுட்டுத் தூங்கிடுவேன், சாமான் வாங்கறது மறுநாள். உப்புத்தாளை ஸ்டீலுக்கு மட்டும், அதுவும் ரெண்டே சுத்து.

ரெண்டு பாக்கி இருக்கு. கிளட்ச் பேஸ்கெட் (பிளேட் அடுக்கைச் சுத்தி இருக்கிற கூடை) விரல்கள்ல ஃபைபர் பிளேட்டோட காது அடிச்சு அடிச்சு படிக்கட்டு மாதிரி பள்ளம் விழுந்திருக்கு, நகத்தால தடவினா சிக்குது, ஆழமா இருக்கிற இடத்துல 0.3 மில்லிமீட்டர் வரும். பள்ளம் ஆழமானா பிளேட் நகராம சிக்கி கிளட்ச் சரியா பிரியாது, இப்போதைக்கு கியர் சுத்தமா விழுது, அதனால அரம் எடுக்கல. இன்னொண்ணு ஸ்க்ரூடிரைவர் கீறல். காலைல வண்டியை எடுக்கும்போது அந்த இடத்துக்கு நேரா கீழ தரைல ஒரே ஒரு சொட்டு ஆயில். துடைச்சுட்டு, தேதி எழுதி ஒரு அட்டையைப் போட்டு வச்சிருக்கேன், வாரத்துக்கு எத்தனை சொட்டுன்னு எண்ணிப் பாக்கணும்.